ஒரு கையால் காட்டிய அளவு

பிக் என்று அடித்தேன், அழித்தேன். லார்ஜ் என்று அடித்து அதையும் அழித்தேன். கர்சர் மறுபடி அதே இடத்தில் நிற்கிறது. முன்னால் 'எ', பின்னால் 'ஸ்டோன்', நடுவில் ஒரு சொல் அகலத்துக்கு வெற்றிடம். வெறும் 'எ ஸ்டோன்' என்று விட்டாலும் வாக்கியம் நின்றுவிடும், ஒரு கல், அவ்வளவுதான். ஆனால் இடது பக்கம் கிளிப்பில் மாட்டியிருக்கும் தாளில் ஒரு கல் என்று இல்லை, பெரிய கல் என்றிருக்கிறது. எதிரி கொம்பையா அங்கே கிடந்த பெரிய கல்லை எடுத்து வேலாண்டியின் தலையில் எறிந்தார். கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு எதிரி என்று பெயர், யாருக்கு எதிரி என்று கேட்பதில்லை. ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் டீக்கடை வைத்திருந்த பிரமாச்சி அரசுத் தரப்பின் இரண்டாம் சாட்சி, பார்த்தவள் அவள் ஒருத்திதான். கல் கிடைக்கவில்லை, குளத்தில் வீசிவிட்டதாகச் சொல்லிப் போலீஸ் இரண்டு நாள் ஆள் இறக்கித் தேடியது. டாக்டர் கடினமான மழுங்கிய பொருள் என்றதோடு நிறுத்திக்கொண்டார். ஆக அந்தக் கல் இப்போது இந்தத் தாளில் மட்டும்தான் கிடக்கிறது, இந்த ஒரு சொல்லின் பருமனில். இவ்வளவு பெரிய கல்லை எடுத்தவனுக்கு அதனால் என்ன ஆகும் என்று தெரியாமலிருக்க முடியாது என்று தீர்ப்பில் வருகிறது, அதையும் நான்தான் டைப் அடித்தேன், ஆயுள் தண்டனை. கல் சின்னதாக இருந்திருந்தால் ஆத்திரத்தில் எறிந்தது என்று ஆகி ஐந்தோ ஏழோ வருடம். அப்பீல் மதுரையில் இருக்கிறது. சாட்சியங்களை எல்லாம் இங்கிலீஷில் பெயர்த்து இன்று ஐந்து மணித் தபாலில் அனுப்ப வேண்டும், மூன்றாவது நினைவூட்டுக் கடிதம் வந்துவிட்டது. மணி மூன்றரை. பெரிய என்ற சொல்லை பிரமாச்சி சொல்லவே இல்லை. அதை நான் போட்டேன்.

போட்டேனா. இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் மொழிபெயர்ப்பாளர் இல்லை, கீழே கோர்ட் ஹாலில் ஜட்ஜுக்கு இடது கைப்பக்கம் உட்கார்ந்து சாட்சி சொல்வதை டைப் அடிப்பவள். சாட்சி பேசுவது ஒன்று, தாளில் ஏறுவது ஒன்று. 'எனக்கு அவனைச் சின்னதுல இருந்தே தெரியும்' என்பது 'எதிரியை எனக்குத் தெரியும்' என்று ஏறும். ஜட்ஜ் சொல்லச் சொல்ல அடிக்க வேண்டும் என்பது முறை. பத்து வருடம் அடித்த பிறகு அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே விரல்கள் போய்விடும், நல்ல ஜட்ஜுகளுக்கு அது பிடிக்கும், நம்ம ஞானசெல்வி இருந்தா எனக்குத் தொண்டை மிச்சம் என்பார் ஒருவர். அன்று இருந்தவர் சேலம் பக்கத்துக்காரர், தலையைக் குனிந்து தன் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். பிரமாச்சி, 'இந்தத்தண்டி கல்லுய்யா, எடுத்தான், எறிஞ்சான்' என்றாள். இந்தத்தண்டி என்றால் இந்த அளவு, அவ்வளவுதான். எந்த அளவு என்பது வாயில் இல்லை, கையில் இருக்கிறது. கையைத் தாளில் ஏற்ற முடியாது. ஏற்றலாம், அடைப்புக்குறி போட்டு, சாட்சி கையால் இன்ன அளவு காட்டுகிறார் என்று, அதை ஜட்ஜ் பார்த்துச் சொல்ல வேண்டும், அவர் நிமிரவில்லை, ம், போட்டுக்கங்க என்றார். போட்டுக்கொண்டேன். யாராவது கையைத் தூக்கி அளவு காட்டினால் பெரிய என்று போடுவது எங்கள் வழக்கம், பெரிய அரிவாள், பெரிய கட்டை, பெரிய பள்ளம். சின்னதைக் காட்டுகிறவர்கள் விரலில்தானே காட்டுவார்கள். அப்படித்தான் நினைத்திருப்பேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, மணி ஐந்தே கால், ஐந்தரை பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறே முக்கால். பிரமாச்சி ஒரு கையால் கூண்டின் கம்பியைப் பிடித்திருந்தாள். அதுதான் ஒரு மாதமாக, இந்தக் கேஸ் கட்டு என் மேஜைக்கு வந்த நாளிலிருந்து, என்னை நிறுத்தி வைத்திருக்கிறது. ஒரு கை கம்பியில். அப்படியானால் காட்டியது ஒரு கையால். ஒரு கையால் பெரிய கல்லை எப்படிக் காட்டுவது.

வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் நின்று செய்து பார்த்தேன். ஒரு கையை நீட்டி, உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, விரல்களைக் கொஞ்சம் மடக்கினால் ஒரு எலுமிச்சம்பழம், மிஞ்சிப்போனால் ஒரு மாதுளை. உள்ளங்கையைத் தரையைப் பார்க்க வைத்து உயர்த்தினால் அது உயரம், கல்லுக்கு யாரும் உயரம் காட்டமாட்டார்கள். இரண்டு கையாலும் காட்டினால் பூசணிக்காய்வரை போகலாம். என்ன தேடுற கையில, என்றார் எட்வின், காபி டம்ளரோடு வாசலில் நின்றுகொண்டு. ஒண்ணுமில்ல, மருதாணி வைக்கலாமான்னு பார்த்தேன் என்றேன், ஐம்பத்திரண்டு வயதில் மருதாணி, அவர் சிரித்துவிட்டுப் போனார். கை எலுமிச்சை அளவில்தான் இருந்தது என்று சத்தியம் செய்வேனா. மடக்கியிருந்த விரல்கள் தெரிகின்றன, நடுவில் குழி தெரிகிறது, பிறகு மணிக்கட்டில் ரப்பர் தெரிகிறது, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. டீக்கடைக்காரி கையில் ஏது ரப்பர் உறை. அது வேறு கை. இருபத்து நாலு வருடத்துக்கு முன்னால், பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில், கட்டிலில் கிடந்த நான் திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்தது, நர்ஸ் என் மாமியாரிடம் ஒரு கையைக் குழித்துக் காட்டி, இந்தத்தண்டிதாம்மா இருந்துச்சு, அஞ்சு மாசம்னா அப்படித்தான் இருக்கும் என்றாள். மாமியார் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதே சொல். அதே சொல் என்பதால் அன்று கோர்ட்டில் அந்தக் கை வந்து இந்தக் கைமேல் உட்கார்ந்துவிட்டதா, அல்லது இந்த ஒரு மாதத்தில் நானே எடுத்து வைத்தேனா. பிரமாச்சியின் கையை நான் பார்த்தேனா, கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேனா. கீபோர்டைப் பார்க்காமல் அடிப்பவள் நான், ஆகவே பார்த்திருக்கலாம். பார்த்திருக்கலாம் என்பதை வைத்து ஒரு மனுஷனை வெளியே கொண்டுவர முடியுமா. பார்க்கவில்லை என்பதை வைத்து உள்ளே வைத்திருக்கிறார்களே.

"ஞானசெல்வி, ரெண்டாம் சாட்சி முடிஞ்சுதா?" சிரஸ்தார் ஆவுடையப்பன் சார் தன் மேஜையிலிருந்தே கேட்கிறார். இந்தப் பிரிவுக்குத் தலைவர், ஒவ்வொரு கேஸ் கட்டிலும் கடைசிக் கையெழுத்து அவருடையது.

"ஒரு வார்த்தையில நிக்குது சார்."

"மூணு மணியில இருந்து ஒரு வார்த்தையா? அப்படி என்ன வார்த்தை?"

"பெரிய."

"பெரியன்னா பிக். லிஸ்ட்ல இருக்குல்லா. இதுக்கு ஒரு பி.ஏ. இங்கிலீஷு."

"லார்ஜ்னு போடலாமான்னு யோசிச்சேன்."

"லார்ஜுங்கிறது சாயங்காலம் ஏழு மணிக்கு மேல வேற கடையில சொல்லுத வார்த்தை. நமக்கு ஆகாது."

பக்கத்து மேஜையில் தாள்களுக்கு எண் போட்டுக்கொண்டிருக்கும் பகவதி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். "சாருக்கு எப்படி அது தெரியுது?" என்கிறாள். "கேள்விஞானம்தான்ம்மா, நீ நம்பரைப் போடு" என்கிறார் அவர்.

லிஸ்ட் மேஜைக் கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது, எனக்கு முன்னால் இருந்தவர்களுக்கும் முன்னால் யாரோ டைப் செய்து வைத்தது, இரண்டு பக்கம், தமிழ்ச் சொல், எதிரில் இங்கிலீஷ். தகராறு, வாய்த்தகராறு, கைகலப்பு, பெரிய, சிறிய. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு சொல், மாற்றினால் மதுரையிலிருந்து கேள்வி வரும். அதனால் இந்த ஜில்லாவிலிருந்து போகிற எல்லாக் கொலைகளிலும் கல்லும் கட்டையும் பிக்தான். போன வாரம் லைப்ரரியில் அட்டை போன பழைய அகராதியை எடுத்து வந்தேன், சிலந்தி முட்டை ஒட்டியிருந்தது. பிக் என்பதற்கு எதிரில் மூலம் தெரியவில்லை என்று போட்டிருந்தது. அவ்வளவு சாதாரணச் சொல், ஒன்றாம் வகுப்பில் யானைப் படத்துக்குக் கீழே படிப்பது, எங்கிருந்து வந்ததென்று அவர்களுக்கே தெரியவில்லை. எழுநூறு வருடத்துக்கு முன்னால் வடக்கு இங்கிலாந்தில் எழுத்தில் வருகிறதாம், கடல் தாண்டி வந்தவர்கள் கொண்டுவந்திருக்கலாமாம், அங்கேயும் ஒரு 'லாம்'. முதலில் அதற்கு அளவு என்ற பொருளே இல்லை, பலசாலி என்றுதான். பிறகு தடித்த. பிறகு வயிறு தள்ளிய பெண்ணுக்கும் அதே சொல், பிள்ளையோடு பிக். அந்த இடத்தில் அகராதியை மூடினேன், மறுபடி திறந்தேன். லார்ஜ் லத்தீனிலிருந்து, தாராளம் என்று பொருள், அளவில்லாமல் கொடுக்கிறவனை லார்ஜ் என்றார்கள். கிரேட் என்பது முதலில் சொரசொரப்பானது, பருமனானது. ஸ்மால் என்றால் ஒல்லி, குறுகலானது, இப்போதும் முதுகின் ஒடுங்கிய இடத்துக்கு அந்தப் பெயர் இருக்கிறது. ஒன்றுகூட முதலில் இருந்த இடத்தில் இல்லை. இவற்றில் எதைக் கொண்டு போய் பிரமாச்சியின் கையில் வைப்பது. தமிழிலாவது ஒழுங்காக இருக்கிறதா என்றால், பெரிய ஆஸ்பத்திரி என்பது கட்டடத்தின் அளவா, அங்கே கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள் என்றால் வீட்டில் அழ ஆரம்பிப்பார்கள். பெரிய காரியம் என்றால் சாவு. பெண் பெரியவளானாள் என்றால் வளர்ந்தாள் என்று அர்த்தமில்லை. பெரிய மனுஷன் குட்டையாகவும் இருப்பான். வேலாண்டி செத்ததால்தான் அந்தக் கல் பெரிதாகிவிட்டதோ. எறிந்தபோது அது ஒரு கல். மூன்று நாள் கழித்து அவன் பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணை மூடியபோது பெரிய கல். கோர்ட்டில் எனக்குத் தெரியும், செத்தவன் கேஸ் என்று. காயம்பட்டு உட்கார்ந்திருக்கிறவன் கேஸாக இருந்தால் அதே கைக்கு நான் வேறு சொல் போட்டிருப்பேனோ. ஒரு கல் என்று மட்டும் போட்டிருப்பேனோ.

"ஏக்கா." ஜன்னலில் சண்முகக்கனி. கொம்பையாவின் தங்கை, பீடி சுற்றுகிறவள், மாதம் இரண்டு தடவை வருகிறாள், கையில் எப்போதும் அதே மஞ்சள் பை. "கட்டு போயிட்டாக்கா?"

"இன்னைக்குப் போயிரும்."

"போன மாசமும் இதத்தான சொன்னீக."

"இன்னைக்குப் போயிரும்னு சொல்லுதேன்லா."

"போகலன்னா வக்கீலு என்னைய வையுதாரு, நான் என்னமோ இடுப்புல முடிஞ்சு வச்சிருக்க மாதிரி. ஓசி வக்கீலு, எதுத்தும் பேச முடியல." ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொள்கிறாள். "போன வாரம் ஜெயில்ல மனுப் போட்டுப் பார்த்தேன்க்கா. ஆளே சின்னதாப் போயிட்டான். கழுத்து இந்தா இம்புட்டுத்தான் இருக்கு." கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வளையம் போட்டுக் காட்டுகிறாள். நான் அந்த வளையத்தையே பார்க்கிறேன். இதை எப்படி டைப் அடிப்பேன்.

"நீ அன்னைக்கு விலக்குல இருந்தியா கனி?" கேட்டுவிட்டேன். மொழிபெயர்ப்பாளர் கேட்கக் கூடாத கேள்வி, கேட்டு என்ன செய்யப் போகிறேன்.

"நான் எங்க இருந்தேன், பீடிக் கடையில இல லேசா நனைஞ்சிருக்குன்னு கடைக்காரன் என் பீடியக் கழிச்சுப் போட்டுட்டு இருந்தான், அவன்ட்ட சண்ட போட்டுட்டு நின்னேன். இருந்திருந்தா எறிய விட்டிருப்பேனா. பிரமாச்சியக்கா மட்டுந்தான் பார்த்துச்சு. அதுவும் ரோட்டை அகலப்படுத்துதோம்னு கடைய இடிச்ச பெறவு மகட்ட போயி இருந்துச்சு, ஆறு மாசத்துல போய்ச் சேர்ந்துட்டு." நெற்றியை எடுத்துக்கொள்கிறாள், கம்பியின் கோடு பதிந்திருக்கிறது. "ஏங்க்கா?"

"சும்மா கேட்டேன். அஞ்சு மணிக்கு வா, அனுப்புன நம்பர் தாரேன்."

போய்ச் சேர்ந்துவிட்டாள். எனக்கு ஏன் ஒரு நொடி ஆறுதலாக இருந்தது. கேட்டுச் சரிபார்க்க ஆள் இல்லை என்பதால் என் ஞாபகம்தான் முடிவு என்றா, அல்லது நீ பொய் சொல்லுதே என்று சொல்ல ஆள் இல்லை என்றா. அவளிடம் சாட்சியத்தைப் படித்துக் காட்டினோமா. படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொண்டார் என்று கடைசியில் ஒரு வரி இருக்கிறது, எல்லாச் சாட்சியத்திலும் இருக்கிறது, தாளை வைக்கும்போதே அந்த வரி இருக்கும். கட்டை விரலில் மை தடவினாள், உருட்டினாள், சேலையில் துடைக்கப் போனவளிடம் நான் பழைய பேப்பர் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தேன். நல்லா இரு தாயி என்றாள். அது நிச்சயமாக நினைவிருக்கிறது. நல்லா இரு தாயி என்றது ஞாபகம் இருக்கிறது என்றால் கையும் சரியாகத்தானே ஞாபகம் இருக்க வேண்டும். மை தடவியது வலது கைதானா. இல்லை இடது கை, பெண்களுக்கும் இடது கைதான் வாங்குவோம், அப்படியானால் கம்பியைப் பிடித்திருந்தது எந்தக் கை, காட்டியது எந்தக் கை, இரண்டு கையாலும் காட்டிவிட்டுப் பிறகு கம்பியைப் பிடித்தாளா. அந்த வரிசை போய்விட்டது. கம்பி, கை, கல் என்று இருந்ததா, கல், கை, கம்பி என்று இருந்ததா. கண்ணை மூடினால் ரப்பர் உறை.

ஸ்மால் என்று அடித்துப் பார்க்கிறேன். எ ஸ்மால் ஸ்டோன். எவ்வளவு சுலபமாக உட்கார்ந்துவிட்டது. கொம்பையா ஒரு சின்னக் கல்லை எடுத்து எறிந்தான். தமிழ்த் தாளையும் இதையும் பக்கத்தில் வைத்து யார் பார்க்கப் போகிறார்கள், வக்கீல் பார்ப்பார், அரசு வக்கீலும் பார்ப்பார், பார்த்தால் என் வேலை போகும், ஆறு வருடம் பாக்கி, பென்ஷன், எட்வினின் கண் ஆபரேஷன். அது இல்லை. அது இருக்கிறது, ஆனால் கையை நிறுத்துவது அது இல்லை. இன்னொருத்தி வாயில் நான் மறுபடியும் ஒரு சொல்லை வைக்கிறேன், அன்று வைத்த மாதிரியே, தெரியாமலே. அன்று பஸ்ஸுக்காக. இன்று எதற்காக. சின்னக் கல்லாகவே இருந்தாலும் அவள் சின்ன என்று சொல்லவில்லை. அழித்தேன். அடைப்புக்குறி போட்டு, அளவு கையால் காட்டப்பட்டது என்று அடித்தேன், அது தமிழில் இல்லாதது, அழித்தேன். உண்மைப் பெயர்ப்பு என்று கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும். தாளுக்கு உண்மையா, கைக்கு உண்மையா. தாள் இருக்கிறது, தொட்டுப் பார்க்கலாம். கை மண்ணுக்குள் போய்விட்டது. எனக்குத் தலை வலிக்கிறது. தண்ணீர் குடித்தேன். வெளியே ஜூனியர் வக்கீல்கள் பைக்கை உதைக்கிறார்கள், கோர்ட் கலைந்துகொண்டிருக்கிறது. ஜெயிலில் இந்நேரம் வரிசையில் நிற்பார்களாக இருக்கும், சோற்றுத் தட்டோடு, ஐந்து மணிக்கே கொடுத்துவிடுவார்கள் என்று கனிதான் ஒரு தடவை சொன்னாள், ராத்திரி பசிக்கும்க்கா அவனுக்கு. கொம்பையாவின் முகம் எனக்கு ஞாபகம் வரவில்லை. கூண்டில் நின்ற நூறு பேரில் ஒருவன், வெள்ளைச் சட்டை. ஒரு கல்லின் அளவை ஒரு மாதமாக உருட்டிக்கொண்டிருக்கிறேன், எறிந்தவனின் முகம் தெரியவில்லை.

"மேடம், நாலு நாப்பது" என்கிறாள் பகவதி, நாடாவைப் பல்லில் கடித்துக்கொண்டு.

பிக் என்று அடித்தேன். எ பிக் ஸ்டோன். எங்கிருந்து வந்ததென்று தெரியாத சொல், என்னிடமிருந்து வந்த சொல்லுக்கு. அச்சில் போட்டேன். மிஷின் சூடாக ஒன்பது தாள்களைத் தள்ளியது. உண்மைப் பெயர்ப்பு என்பதன் கீழே கையெழுத்துப் போட்டேன், ஞானசெல்வி, செ விழுந்த இடத்தில் மை திட்டாகப் படர்ந்தது. ஆவுடையப்பன் சார் படிக்கவில்லை, பக்கங்களை விசிறிப் பார்த்துவிட்டு, "ஒரு வழியா வார்த்தை கிடைச்சிட்டாக்கும்" என்றார், கையெழுத்தும் முத்திரையும் போட்டார். பகவதி ஊசியால் குத்தி நாடா கோத்து முடிச்சுப் போட்டாள். கட்டு தபால் மேஜைக்குப் போனது, பதிவேட்டில் ஏறியது. அவ்வளவுதான், போயிற்று. லேசாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. பெரிய என்ற சொல் இங்கிலீஷில் ஏறி மதுரைக்குப் போகிறது, அங்கே யாரோ ஒரு ஜட்ஜ் அதை வாசித்துவிட்டு மனதுக்குள் ஒரு கல்லைப் பார்ப்பார், அவர் பார்க்கிற அளவில். நான் யாராவது ஒரு வக்கீலிடம் சொன்னால், சொன்னாலும் என்ன கேட்பார், அம்மா, நீங்க அப்ப எதைப் பார்த்துக்கிட்டிருந்தீங்க, கீபோர்டையா கையையா. தெரியவில்லை சார் என்பேன். எந்தக் கை. தெரியவில்லை. எவ்வளவு பெரியது. தெரியவில்லை. அப்படியானால் எதற்கு வந்தீர்கள். அவள் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை சார். அது மட்டும் தெரியுமா. இதைக் கேட்கும்போது அந்தக் கற்பனை வக்கீல் கண்ணாடியைக் கழற்றுகிறார். அது தெரியும் என்பேன். சொன்ன சொல் தெரியும். காட்டியதுதான் தெரியாது. இந்த இரண்டையும் பிரித்து ஒரு தடவைகூட நான் யோசிக்கவில்லை, ஒரு மாதமாகக் கையையே துரத்திக்கொண்டிருந்தேன்.

"அக்கா, நம்பரு" என்கிறாள் கனி. ஜன்னலுக்கு வெளியே வெயில் இறங்கியிருக்கிறது, அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தயாராக நிற்கிறாள். "அஞ்சரை பஸ்ஸ விட்டுட்டா பெறவு ஆறே முக்காலு."

பதிவேட்டைப் பார்த்து ஒரு துண்டுத் தாளில் அனுப்புகை எண்ணை எழுதினேன், தேதி எழுதினேன். பேனா தாளிலேயே இருந்தது. கீழே என் பெயரை எழுதினேன். வீட்டு போன் நம்பரை எழுதினேன். அதற்குக் கீழே, இரண்டாம் சாட்சியை அன்று டைப் அடித்தவர், கல்லைப் பற்றிப் பேச வேண்டும் என்று சின்ன எழுத்தில் எழுதி, ஊதி, கம்பிக்கு நடுவே நீட்டினேன்.

"வக்கீல்ட்ட குடுத்திரு."

"குடுக்காம பின்ன," என்றாள். தாளைப் பார்க்காமல் நாலாக மடித்துப் பீடிக் கடை அட்டைக்குள் வைத்து, அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வேகமாக நடந்தாள். "ஞானசெல்வி, ஃபேனை நிப்பாட்டிட்டு வாங்க" என்றார் ஆவுடையப்பன் சார். நான் எழுந்து ஃபேனை நிறுத்தினேன்.